ஏழாவது கட்டம்

பெயர்: ஹெப்சிபா ஜெயசீலன்.
முகவரி: ஜமாலியா, பெரம்பூர், மாடியில் பின்போர்ஷன்.
அடையாள அட்டையில் இருக்கிற படத்தைப் பார்த்து
யாரும்மா இது என்றான் என் மகன்.
சீயக்காய்ப் பொடியின் எடை, விலை,
திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் என்பதெல்லாம்
ஆறாவது கட்டத்தோடு முடிந்தது.

ஏழாவதில் பேனா நின்றுவிட்டது.
சென்ற ஆண்டு செலவு போக
உங்கள் கையில் நின்றது எவ்வளவு?

அம்பத்தூரில் ஒரு ஷெட், இரண்டு அரவை மெஷின்,
வீடு வீடாய் விற்கப் பதினோரு பெண்கள்.
இவ்வளவுதான் எங்கள் கம்பெனி.
குறைதீர் அலுவலர் என்று ஒருவர் வேண்டுமாம்.
குமரேசன் சார் தன் மனைவி பெயரைப் போட்டார்.
அந்த அம்மா குறையை யாரிடம் சொல்வார் என்று
மூட்டை கட்டிக்கொண்டே சிரித்தோம்.
சார் சிரிக்கவில்லை.
"வஞ்சிரத்துக்குப் போட்ட வலை.
அது வக்கீலோட வரும், அறுத்துட்டுப் போயிடும்.
மாட்டுறது நெத்திலி" என்றார்.
ஆடிட்டருக்குக் கொடுத்த பணத்தில்
இன்னொரு மெஷினுக்கு அட்வான்ஸ் கட்டியிருக்கலாமாம்.

இருக்கலாம்.
ஆனால் என் நாத்தனார்
ஏ.சி. ஹாலில், கோட்டு போட்ட ஒருவன் கைதட்டச் சொல்ல
கைதட்டி, அறுபதாயிரம் கட்டிவிட்டு வந்தவள்.
அவளிடம் அன்றைக்கு யாராவது
இப்படி ஒரு தாளை நீட்டியிருந்தால்?
படித்திருப்பாளா என்றும் தெரியவில்லை.

ராத்திரி சமையலறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.
கமிஷன் நாற்பத்தோராயிரத்து முந்நூற்றைம்பது.
இந்தத் தொகையைத்தான் எல்லாரிடமும் சொல்வேன்,
கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, ரகசியம் மாதிரி.
ஷேர் ஆட்டோ ஆறாயிரத்து இருநூறு.
போன் ரீசார்ஜ், சாம்பிள் பாக்கெட்,
தீபாவளிக்கு வாடிக்கைக்காரர்களுக்கு ஸ்வீட் பாக்ஸ்,
மொத்தம் ஏழாயிரத்து எண்ணூற்று எண்பத்தெட்டு.
அப்புறம், மாதக் கடைசியில் டார்கெட் தொடுவதற்காக
நானே என்னிடம் வாங்கியது
பதினேழாயிரத்துத் தொள்ளாயிரம்.
கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.
வீட்டில் பல்லிகூட சீயக்காய் மணக்கிறது.

நின்றது ஒன்பதாயிரத்து முந்நூற்று அறுபத்திரண்டு.
நாளைக்கு இருபத்தாறு ரூபாய்,
அதுவும் முழுசாய் இல்லை.
இதை நான் ஜெயசீலனிடம் சொன்னதில்லை.
என்னிடமே சொன்னதில்லை.

மறுநாள் வில்லிவாக்கம், சிட்கோ நகர்.
முன்கூட்டி போன் செய்து, நேரம் கேட்டு,
சொன்ன நேரத்துக்குப் போனேன்.
கேட்டில் செக்யூரிட்டி நோட்டை நீட்டினார்.
யாரைப் பார்க்க, என்ன காரணம்.
இத்தனை வருஷமும் 'சொந்தம்' என்றுதான் எழுதியிருக்கிறேன்,
எந்த அபார்ட்மென்டிலும்.
இன்றைக்குக் கை தானாக 'வியாபாரம்' என்று எழுதியது.
அவர் படித்துவிட்டு விட்டுவிட்டார். அவ்வளவுதான்.

திலோத்தமை என் கீழே சேர்வதாக இருந்தாள்.
கிரைண்டரை நிறுத்தினாள்.
தாளில் விரல் வைத்து ஒவ்வொரு கட்டமாக இறங்கினாள்.
ஏழில் விரல் நின்றது.
"இது மாசத்துக்கா?"
வருஷத்துக்கு என்றேன்.
"அக்கா, எழுதாம விட்டிருக்கலாமே."
விட்டிருக்கலாம்.
போன வாரம் வரைக்கும் விட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அவள் தாளை நாலாய் மடித்து
நாள்காட்டிக்குப் பின்னால் செருகினாள்.
யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.
கால் கிலோ பொடி வாங்கினாள்.
பில் போட்டுக் கொடுத்தேன்.
மாவு கை பட்டு
என் கையெழுத்து கொஞ்சம் கலைந்தது.

திரும்புகையில் பஸ்ஸில் உட்கார இடமில்லை.
கண்டக்டர் மகளிர் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்,
கட்டணமில்லை.
இந்தச் சீட்டு மட்டும் இல்லையென்றால்
அந்த இருபத்தாறும் இல்லை.
இதை எழுத
எட்டாவது கட்டம் இருக்கிறதா என்று
தாளைத் திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கம் வெறுமையாக இருந்தது.
ஓட்டேரியில் ஒரு ஸீட் காலியானது.
உட்கார்ந்து, அதில்
கட்டிலுக்கடியில் இருக்கும் பாக்கெட்டுகளை
நினைவிலிருந்து எண்ணி எழுத ஆரம்பித்தேன்.